உப்பங்கழியைச் சுற்றிப் பறவை பார்க்க ஓர் எளிய நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர உப்பங்கழி ஒன்றின் கரையில் இரண்டு மூன்று மணி நேரம் மெல்ல நடந்து பறவை பார்ப்பதைப் பற்றி, புதிதாகக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தரை சமதளம். பார்வையை மறைக்க மரம் கிடையாது. பறவைகளும் இலைக்குள் ஒளியாமல் திறந்த வெளியில் நிற்கும். பறவை பார்க்கத் தொடங்குகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

உப்பங்கழி என்று எதைச் சொல்கிறோம்?

கடற்கரையை ஒட்டி ஒரு மணல்திட்டு நீளமாகக் கிடக்கும். அதற்கு உள்பக்கம் தேங்கி நிற்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்புதான் உப்பங்கழி. காயல் என்றும் சொல்வார்கள். திட்டில் எங்கேயாவது ஒரு முகத்துவாரம் இருக்கும். கடல்நீர் அது வழியாக வந்து போகும். நிலப்பக்கத்தில் ஆறோ ஓடையோ நன்னீரைக் கொண்டு சேர்க்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு கழியில் அதில் பாதிகூட இருக்காது. மழையில்லாத மாதங்களில் நீர் ஆவியாகிப் போய், கடலைவிட அதிகமாகக் கரிக்கும். ஒடிசாவின் சிலிகா, பழவேற்காடு, பிரான்சின் கமார்க், நமீபியாவின் வால்விஸ் பே என்று பேர் பெற்ற கழிகளும் உண்டு, பேரே தெரியாத சின்னக் கழிகளும் உண்டு. பல இடங்களில் கழியை ஒட்டியே உப்பளப் பாத்திகள் இருக்கும். இந்த நடைக்கு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். பறவைகளும் அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன.

இங்கே ஏன் இத்தனை பறவை?

எல்லாம் சேற்றுக்குள் இருக்கும் தீனிக்காகத்தான். ஆழமில்லாத நீரில் வெயில் அடிவரை இறங்குவதால் பாசி தழைக்கும். அதை நம்பிப் புழு, நத்தை, இறால், நண்டு, மீன்குஞ்சு எல்லாம் பெருகும். உப்பு ஏறிய பாத்திகளில் கதை வேறு. அங்கே மீன் பிழைக்காது. தன்னைத் தின்ன மீன் இல்லாததால் உப்பிறால் என்னும் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள உயிரி கூட்டம் கூட்டமாகப் பெருகும். கரையோரம் கறுப்புப் பட்டையாகப் படிந்திருக்கும் ஈக்களும் அப்படியே. நம்மைக் கடிக்காத அந்த ஈக்களும் அவற்றின் புழுக்களும்தான் உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகள் பலவற்றுக்கு முக்கியச் சாப்பாடு. அதுவும் பறவையின் முழங்கால் அளவு நீரிலேயே கிடைத்துவிடுகிறது.

எந்தப் பருவத்தில் போவது?

கரையோரம் இரை தேடும் பறவைகளில் பல, ஆர்க்டிக் பகுதியிலும் அதை ஒட்டிய வடநிலங்களிலும் கூடு கட்டுபவை. அங்கே கோடை மிகக் குறுகியது. ஜூலை, ஆகஸ்டிலேயே வளர்ந்த பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். பல இனங்களில் அந்த வருடக் குஞ்சுகள் சில வாரம் பிந்தி, வழிகாட்ட யாருமில்லாமல் தாமாகவே வரும். அதனால் வடக்கே உள்ள கழிகளில் வசந்தமும் இலையுதிர்காலமும் பரபரப்பான நாட்கள். வெப்ப நாடுகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல கூட்டம் இருக்கும். தென்கோடி நிலங்களில் அவை தங்குவது அங்கத்திய கோடைக்காலத்தில்.

ஒரே ஒரு மாதம்தான் கிடைக்கும் என்றால், அவை திரும்பிப் போகும் முன்பு உள்ள கடைசி வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் நிறத்தில் வந்த பறவைகள் செங்கல் நிறமும் கறுப்பு வயிறுமாக மாறத் தொடங்கியிருக்கும். மற்ற மாதங்களிலும் கழி காலியாகிவிடாது. முதல் வருடப் பறவைகள் சில வடக்கே போகாமல் தங்கிவிடும். உள்ளூர்ப் பறவைகள் எப்போதும் உண்டு.

காலையா, மாலையா? ஓதம் பார்க்க வேண்டுமா?

வெளிச்சத்தை முதலில் பாருங்கள். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் உப்புத்தரை மேலே கானல் ஆடும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அந்தக் கானலை ஊடுருவிப் பார்க்க முடியாது. அதனால் நான் விடியற்காலையையே விரும்புகிறேன்.

அப்புறம் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. வெளியே கடலோரச் சேற்றில் இரை தேடும் பறவைகள், ஓதம் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் கழிக்குள்ளோ உப்பளத்துக்குள்ளோ வந்து ஓய்வெடுக்கும். ஆகவே, கடலோரச் சேற்றுத்தரையைப் பார்க்கப் போகிறவர் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். உயரும் நீர் பறவைகளைத் தள்ளித் தள்ளி அவர் அருகே கொண்டுவரும். உப்பளத்தில் நடக்கிறவர் ஏற்றம் முழுமையாகும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். போன வாரம் பார்த்த நேரத்தை நம்பி இந்த வாரம் கிளம்பிவிடாதீர்கள்.

முகத்துவாரம் குறுகலான கழிகளில் ஓதம் உள்ளே வருவதற்குள் பலமிழந்துவிடும், தாமதமாகவும் வரும். அங்கே காற்றுதான் நீரை நகர்த்துகிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தக் கரையில் நீர் விலகிச் சேறு வெளிப்படும். எதிர்க்கரையில் நீர் ஏறும். நேற்றுப் பறவை மண்டிக் கிடந்த இடம் இன்று வெறிச்சோடியிருந்தால், காற்று திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு என் நடைகள் எவ்வளவோ மேம்பட்டன.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

இரண்டு மூன்று கிலோமீட்டர் தாராளம். கழியை முழுச் சுற்றுச் சுற்றிவிட வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம். நல்ல இடமாக மூன்று நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் அசையாமல் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். வந்ததும் விலகிப்போன பறவைகள் முதல் பத்து நிமிடத்தில் நம்மைப் பழகிக்கொண்டு, பிறகு தம் பாட்டுக்கு மேய்ந்தபடி அருகே வரத் தொடங்கும். நடந்துகொண்டே இருப்பவருக்குத் தூரத்தில் பறந்து போகும் முதுகுகள் மட்டுமே கிடைக்கும்.

பைனாகுலர் கட்டாயமா? எது வாங்கலாம்?

பூநாரை, கூழைக்கடா, கொக்கு, கரண்டிவாயன் ஆகியவற்றைப் பார்க்க வெறும் கண்ணே போதும். உள்ளான்களை ரசிக்க பைனாகுலர் வேண்டும். 8×42 என்று குறித்திருப்பது எல்லோருக்கும் பொருந்தும்: எட்டு மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கில் பறவை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாலும் கைநடுக்கமும் அதே அளவு பெரிதாகும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே சுருக்கிக்கொள்ள வேண்டும். பலர் அதைச் செய்யாமல், பாதி வட்டம்தான் தெரிகிறது என்று கருவியைக் குறை சொல்கிறார்கள்.

பரந்த கழிகளில் முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி பெரிய உதவி. ஆனால் முதல் வருடமே அதை வாங்க வேண்டியதில்லை. குழுவில் ஒருவரிடம் இருந்தால் போதும்.

எல்லா உள்ளானும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, எப்படிப் பிரித்தறிவது?

எல்லோரும் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். பழுப்பும் சாம்பலுமாக நூறு பறவை, புத்தகத்தில் பார்த்தால் பத்துப் படமும் ஒரே சாயல். நிறத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அந்தப் பறவை எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். அதுதான் நான் சொல்லக்கூடிய மிக உபயோகமான விஷயம்.

உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், குனிந்து ஒரே கொத்து. மறுபடி ஓடும். அதற்குக் கண் பெரிது, அலகு குட்டை. கண்ணால் பார்த்துப் பிடிக்கும் பறவை. கொசு உள்ளானைப் போன்ற சின்ன உள்ளான்கள் தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி விடாமல் குத்திக்கொண்டே நகரும். சேற்றுக்குள் இருப்பதைக் கண்ணால் காண முடியாது. அவற்றின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. மூக்கன் வயிறுவரை நீரில் இறங்கி, நேரான நீண்ட அலகை முகம் நனையும் வரை உள்ளே விடும். கோட்டானின் அலகு கீழ்நோக்கி வளைந்தது, நண்டு வளைக்குள் நுழைந்து திரும்பும். (இங்கே கோட்டான் என்றால் ஆந்தையல்ல, கரைப்பறவைகளில் நீளமான அலகு கொண்ட ஒரு வகை.) கோணமூக்கு உள்ளானின் அலகு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை நீரில் இடமும் வலமும் அரிவாள் வீசுவது போல வீசிக்கொண்டே போகும். கரண்டிவாயனும் அதே வீச்சுத்தான், வாய் மட்டும் தட்டை. நெடுங்கால் உள்ளான், கனவில் நடப்பது போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, நீரின் மேலுள்ள பூச்சியைப் பொறுக்கும். உடலோடு ஒப்பிட்டால் பூநாரையைத் தவிர வேறெந்தப் பறவைக்கும் இவ்வளவு நீளமான கால் இல்லை. கல்திருப்பி உள்ளானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரே சொல்லிவிடுகிறது.

ஒரு முழங்கால் ஆழ நீரில் இத்தனை இனமும் சண்டையில்லாமல் மேய்வதற்குக் காரணமும் இதுதான். ஒவ்வொன்றும் வேறு ஆழத்தில், வேறு விதமாகத் தேடுகிறது. இப்படிச் சாப்பிடும் விதம் ஆறேழைப் பழகிக்கொண்டால், காலின் நிறம், வாலிலுள்ள பட்டை போன்ற நுணுக்கங்கள் தாமாகவே கண்ணில் படும். முதல் நாளிலேயே எல்லாவற்றுக்கும் பேர் வைத்துவிட வேண்டியதில்லை. ஐந்து பறவையை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தால் அது நல்ல நாள்.

பூநாரைக்கு அந்த இளஞ்சிவப்பு நிறம் எப்படி வந்தது?

சாப்பாட்டிலிருந்து. உப்புநீரில் வளரும் நுண்பாசிகளில் காரட்டுக்கு நிறம் தரும் அதே வகைச் சாயங்கள் இருக்கின்றன. பாசியை நேரடியாகத் தின்றாலும், பாசி தின்ற உப்பிறாலைத் தின்றாலும் அந்த நிறம் இறகில் ஏறும். குஞ்சுகள் சாம்பல் நிறம். முழு நிறம் வரச் சில வருடங்கள் ஆகும். ஆகவே கூட்டத்தில் அழுக்கு வெள்ளையாகத் தெரிபவை நோயுற்றவை அல்ல, இளசுகள்.

அது சாப்பிடும் விதத்தைப் பைனாகுலரில் நிதானமாகப் பாருங்கள். தலையைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, நாக்கைப் பம்பு போல இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் இரையை மட்டும் தடுத்து வைத்துக்கொள்ளும். பின்னோக்கி மடங்குகிறதே முழங்கால் என்று பலர் வியப்பார்கள். அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது.

உப்புநீரைக் குடித்து எப்படிப் பிழைக்கின்றன?

கடற்காகம், ஆலா, உள்ளான், பூநாரை எல்லாவற்றுக்கும் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உண்டு. இரத்தத்திலுள்ள மிகை உப்பை அவை பிரித்து, செறிந்த உப்புநீராக மூக்குத்துளை வழியே வெளியேற்றும். ஓய்வாக நிற்கும் கடற்காகத்தின் அலகு நுனியில் ஒரு சொட்டு தொங்குவதையும், அது தலையைச் சிலுப்பி உதறுவதையும் பார்க்கலாம்.

எவ்வளவு அருகே போகலாம்?

மீட்டர் கணக்கு சொல்வதில் பயனில்லை. இனத்துக்கு இனம், நாளுக்கு நாள் மாறும். பறவையையே கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி நின்றால் நம்மைக் கவனித்துவிட்டது. கூட்டம் முழுவதும் தலை தூக்கினால், அல்லது மெல்ல விலகி நடக்கத் தொடங்கினால், அதுதான் எல்லை. அங்கேயே நின்று இரண்டடி பின்வாங்குங்கள். பவளக்காலி என்னும் சிவந்த கால் உள்ளான் உரக்கக் கத்திவிட்டால் கழி முழுவதும் எச்சரிக்கையாகிவிடும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்ததை, அதன் முதுகில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அப்படிப் பயணம் போகிற பறவை கிளம்புவதற்கு முன் உடலில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்பு முழுவதும் இப்படிப்பட்ட சேற்றில் ஒவ்வொரு கொத்தாகச் சேர்த்தது. நல்ல படம் கிடைக்கட்டும் என்று கூட்டத்தை ஒருமுறை கிளப்பிவிட்டால், அவை இழப்பது அந்தச் சேமிப்பைத்தான். ஒரு நாளில் நான்கு பேர் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பறக்கும் கூட்டம் அழகுதான். அது தானாகப் பறக்கும்வரை காத்திருக்கலாம், எப்படியும் பறக்கும்.

திடீரென்று எல்லாம் ஒன்றாக மேலே எழும்புகின்றன. நாம் காரணமா?

நாம் அசையாமல் இருந்தபோது எழும்பினால், வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வல்லூறோ, தாழப் பறந்து வரும் பூனைப்பருந்தோ இருக்கும். விராலடிப்பான் மீன் மட்டும் தின்னும், அதனால் அது வரும்போது சலசலப்புக் குறைவு. வல்லூறு துரத்தும்போது உள்ளான் கூட்டம் உருண்டை போல இறுகித் திரும்பித் திரும்பிப் பறக்கும். வயிறு காட்டும்போது வெள்ளையாக மின்னி, முதுகு காட்டும்போது மறைந்தே போகும். கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே வந்து இறங்கும். எல்லாம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும்.

கரையில் ஒரு சின்னப் பறவை சிறகொடிந்தது போல இழுத்துக்கொண்டு போகிறது. உதவலாமா?

பின்தொடராதீர்கள். அநேகமாக அது உப்புக்கொத்தி, அதன் முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களை வேறு பக்கம் இழுத்துப் போகத்தான் அந்த நடிப்பு. உப்புக்கொத்தி, ஆலா, நெடுங்கால் உள்ளான் எல்லாம் வெறுந்தரையிலும் பாத்தி வரப்பிலும் முட்டையிடும். புள்ளி போட்ட கூழாங்கல் போலவே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். நின்ற இடத்திலிருந்தே காலடியை நன்றாகப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். வெயிலில் தாய் பத்து நிமிடம் எழுந்து நின்றாலும் முட்டை சூடேறிவிடும். வெப்பமான இடங்களில் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவைகள் இவை. கூடு கட்டும் மாதங்களில் வரப்பைவிட்டு இறங்கவே வேண்டாம். நாயை எந்த மாதத்திலும் கூட்டி வர வேண்டாம்.

காலில் வண்ண வளையமோ கொடியோ தெரிந்தால்?

அது ஆய்வாளர்கள் கட்டியது. வண்ணமும், எந்தக் காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும், எழுத்தோ எண்ணோ இருந்தால் அதுவும் பறவை எங்கே பிடித்து விடப்பட்டது என்பதைச் சொல்லும். உடனே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் படமெடுங்கள். பறவையின் இடது, வலது என்பதைக் குழப்பிவிடாதீர்கள். அது நம்மைப் பார்த்து நிற்கும்போது மாறிவிடும். உள்ளூர்ப் பறவை ஆர்வலர் குழுவிடம் கொடுத்தால் உரியவருக்குச் சேரும். சேற்றில் நின்ற ஒரு சின்னப் பறவை எத்தனை நாடு தாண்டி வந்தது என்று பதில் கடிதத்தில் படிக்கும் மகிழ்ச்சி தனி.

ஆயிரக்கணக்கில் நிற்கும்போது எப்படி எண்ணுவது?

பத்துப் பறவையை எண்ணி, அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து முறை வைத்தால் நூறு. பிறகு நூறை அளவுகோலாகக் கொண்டு கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்து போங்கள். அடர்த்தி மாறும் இடத்தில் அளவையும் மாற்றுங்கள். பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் உங்கள் ஒரு காலைப்பொழுது ஆய்வுக்கும் பயன்படும். ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணிப் பழகியவர்கள் அதில் சேரலாம்.

ஆபத்து ஏதாவது உண்டா?

சேறுதான். மேலே வெள்ளையாக உப்புக் காய்ந்து தரை போலத் தெரியும். அடியில் முழங்கால் ஆழம் களிமண் இருக்கும். கால் வைத்தால் மேலோடு உடைந்து உள்ளே போகும், இழுக்க இழுக்க இறங்கும். வரப்பையும், ஏற்கெனவே கால்தடம் உள்ள பாதையையும் விட்டு விலகாதீர்கள். மணல்திட்டின் நுனிவரை போகிறவர்கள் ஓதம் திரும்பும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். நிழல் கிடையாது, உப்புத்தரை வெயிலைத் திருப்பியடிக்கும். தொப்பி, நிறையத் தண்ணீர், முழுக்கைச் சட்டை வேண்டும். உப்பளம் பிறர் உழைக்கும் இடம். அனுமதி கேட்டுப் போங்கள், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்.

குழந்தைகள், வயதானவர்கள் வரலாமா?

தாராளமாக வரலாம். ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வாருங்கள். குழந்தைகளிடம் பேர் கேட்டுப் பரீட்சை வைக்காமல், எந்தப் பறவை எப்படி நடக்கிறது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். கோணமூக்கு உள்ளானைப் போலத் தலையை வீசி நடந்த ஒரு ஆறு வயதுக் குழந்தை அடுத்த தடவை வந்தபோது, நான் பைனாகுலரை எடுக்கும் முன்பே தூரத்தில் நின்றதைச் சரியாகச் சொல்லிவிட்டது.

போன அன்று பறவையே இல்லாவிட்டால்?

உப்பங்கழியில் அப்படி ஒரு நாள் அபூர்வம், ஆனால் வரும். ஈரச் சேற்றைப் பாருங்கள். மூன்று விரல் தடம், பக்கத்தில் அலகு குத்திய துளைகளின் வரிசை, வீசிப்போன கோடு எல்லாம் அதிலே இருக்கும். உப்புக்கொத்தியின் தடம் ஓடி நின்ற இடத்தில் சற்று ஆழமாகப் பதிந்திருக்கும். தடம் புதிதாக இருந்தால் பறவைகள் தூரத்தில் இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அது வரும் பக்கத்துக் கரைக்கு நடங்கள்.